'அற்றைத் திங்கள்' காதல் பாட்டுக்குள் என்ன செய்கிறது?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான். 'இருவர்' படத்தின் 'நறுமுகையே' பாட்டில் வருகிற 'அற்றைத் திங்கள்' என்ற தொடர், புறநானூற்றில் தந்தையைப் பறிகொடுத்த பெண்கள் பாடியது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அழுகைப் பாட்டின் வரியைக் காதல் பாட்டில் வைக்கலாமா, இது திருட்டா மரியாதையா, இதெல்லாம் தெரியாமல் இத்தனை நாள் கேட்டு ரசித்த நான் எதையாவது கோட்டைவிட்டேனா என்கிறீர்கள். மூன்று கேள்வி மாதிரித் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான்: ஒரு பாட்டின் வரியை இன்னொரு பாட்டு எடுத்தாளும்போது அதன் பழைய சூழலில் எவ்வளவு கூடவே வருகிறது, எவ்வளவு அங்கேயே தங்கிவிடுகிறது? கல்லூரியில் சங்க இலக்கியமும் காப்பியமும் நடத்துவது என் வேலை. வகுப்பில் வருடா வருடம் யாராவது கேட்டுவிடுகிற கேள்வி இது. சினிமாப் பாட்டு என் துறை இல்லை. அதைப் பற்றி நான் சொல்வதை ஒரு ரசிகனின் அபிப்பிராயமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தப் புறப்பாட்டையே பார்த்துவிடலாம். ஐந்தே அடி. 'அற்றைத் திங்கள் அவ்வெண் நிலவின் எந்தையும் உடையேம், எம் குன்றும் பிறர்கொளார். இற்றைத் திங்கள் இவ்வெண் நிலவின் வென்றெறி முரசின் வேந்தர் எம் குன்றும் கொண்டார், யாம் எந்தையும் இலமே.' பறம்பு மலையின் தலைவன் பாரி. மூவேந்தரும் சேர்ந்து முற்றுகையிட்டும் நேர்ப்போரில் வெல்ல முடியாமல், வஞ்சனையால் அவனைக் கொன்றார்கள் என்பது கதை. அவன் மகளிர் பாடியதாக இது 112ஆம் பாட்டாக இருக்கிறது. போன மாதத்து நிலவில் அப்பா இருந்தார், மலையும் எங்களுடையது. இந்த மாதத்து நிலவில் இரண்டும் இல்லை. அவ்வளவுதான் செய்தி. அழுதோம், துடித்தோம் என்று ஒரு சொல்கூடக் கிடையாது. 'வென்றெறி முரசின் வேந்தர்' என்பது மட்டும் கொஞ்சம் குத்தும். ஒருவனை மூன்று பேர் சூழ்ந்து, அதிலும் வஞ்சித்துக் கொன்றுவிட்டு முரசு கொட்டுகிறவர்களை 'வென்ற வேந்தர்' என்பது இகழ்ச்சி என்று உரையில் சொல்வார்கள். கவனிக்க வேண்டியது, பாட்டின் பாரம் முழுவதும் 'அற்றை', 'இற்றை' என்ற ஜோடியில் இருக்கிறது. ஒன்று இல்லாமல் மற்றொன்றுக்கு வேலை இல்லை.

இதற்கு இரண்டு பாட்டு முன்னால், 110இல், பாரியின் நண்பர் கபிலர் மூவேந்தரைப் பார்த்து ஒரு கிண்டல் பண்ணியிருப்பார். பறம்பு நாட்டில் முந்நூறு ஊர். முந்நூறும் பரிசு கேட்டு வந்த பரிசிலர்கள் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். இனி மிச்சம் 'யாமும் பாரியும் உளமே, குன்றும் உண்டு, நீர் பாடினிர் செலினே.' நாங்கள் இருக்கிறோம், பாரி இருக்கிறான், மலை இருக்கிறது. பாடிக்கொண்டு வந்தால் அதையும் வாங்கிக்கொண்டு போகலாம் என்கிறார். இப்போது மறுபடி 112க்கு வாருங்கள். 'குன்றும் உண்டு' என்றது 'குன்றும் கொண்டார்' ஆகிவிட்டது. 'பாரியும் உளமே' என்றது 'எந்தையும் இலமே' ஆகிவிட்டது. கபிலர் இருப்புக் கணக்காகச் சொன்ன ஒவ்வொன்றையும் அந்தப் பெண்கள் இழப்புக் கணக்கில் எழுதுகிறார்கள். 110ஐப் படிக்காதவருக்கும் 112 புரியும், கண்ணும் கலங்கும். படித்தவருக்கு, அந்தக் கேலிச் சிரிப்பு எப்படி முடிந்தது என்பதும் சேர்ந்து கேட்கும். இங்கே உறுதியாகச் சொல்லக்கூடியது, சொற்கள் இப்படி எதிரெதிராக நிற்கின்றன என்பது. அந்தப் பெண்கள் கபிலர் பாட்டை நினைத்துத்தான் பாடினார்களா, தொகுத்தவர் இரண்டையும் அருகருகே வைத்ததால் நமக்கு அப்படிக் கேட்கிறதா என்பது தீர்க்க முடியாத சங்கதி. எனக்கு அது பெரிய கவலை இல்லை. வாசிக்கிறவன் காதில் விழுந்துவிட்டது. இனி விழாதது மாதிரி இருக்க முடியாது.

இலக்கியத்தில் ஒன்று இன்னொன்றைச் சுட்டுவது வேலை செய்யும் விதம் இதுதான். கொடியின் ஒரு நுனியைப் பிடித்து இழுத்தால் பந்தல் முழுக்க அசைகிற மாதிரி, கவிஞர் நம் கையில் கொடுப்பது இரண்டு சொல் அல்லது ஒரு பெயர். அசைவது அந்தச் சொல் வந்த கதையும் பாட்டும். ஆகவே ஒரு சுட்டலை எடைபோடும்போது வந்த சொற்களைப் பார்த்தால் போதாது. எது வரவில்லை, வராத அந்த மிச்சம் புதிய இடத்தில் ஏதாவது செய்கிறதா என்று பார்க்க வேண்டும். செய்தால் அது சுட்டல். எதுவும் செய்யவில்லை என்றால் அது அலங்காரம், இல்லாவிட்டால் வெறும் பழக்கதோஷம்.

நீங்கள் சொன்ன பாட்டிலேயே இதற்கு இன்னொரு மாதிரி இருக்கிறது. 'யாயும் ஞாயும் யாராகியரோ' என்ற குறுந்தொகை 40ஆம் பாட்டும் அதில் வருகிறது. செம்புலத்தில் விழுந்த மழைநீரும் வருகிறது. உன் தாய் யாரோ, என் தாய் யாரோ, உன் தந்தையும் என் தந்தையும் எந்த வழியில் உறவு, நீயும் நானும் ஒருவரையொருவர் எப்படி அறிந்தோம், ஆனாலும் செம்மண்ணில் பெய்த மழைபோல நெஞ்சங்கள் கலந்துவிட்டன என்று காதலன் சொல்கிற பாட்டு. காதல் பாட்டிலிருந்து காதல் பாட்டுக்கு வருகிறது. சூழலோடு வந்து சூழலோடு உட்கார்ந்துகொள்கிறது. ஆனால் ஏட்டில் இந்தப் பாட்டுக்கு ஒரு துறைக்குறிப்பு, அதாவது யார் எந்தச் சூழலில் சொன்னது என்ற குறிப்பு, உண்டு. முதல் கூடல் முடிந்தபின், இவன் நம்மை விட்டுப் போய்விடுவானோ என்று அஞ்சிய பெண்ணின் முகம் மாறியதைப் பார்த்துத் தலைவன் சொன்னது என்கிறது அந்தக் குறிப்பு. அப்படியானால் 'கலந்தனவே' என்பது குதூகலம் மட்டுமில்லை, பயந்தவளுக்குச் சொன்ன ஆறுதலும்கூட. மண்ணில் கலந்த நீரைப் பிரித்தெடுக்க முடியாது என்று வாக்குக் கொடுக்கிறான். சினிமாப் பாட்டில் அந்தப் பயம் வரவில்லை. கல்யாணப் பத்திரிகைகளில் இந்த அடிகளை அச்சடிக்கிறார்களே, அங்கேயும் வரவில்லை. அங்கே வராததே நல்லது என்று பெரியவர்கள் சொல்லக்கூடும். துறைக்குறிப்பு பின்னால் வந்தவர் எழுதியது, செய்யுளின் பகுதி இல்லை. அதனால் அந்தப் பயத்தைக் கட்டாயம் சேர்த்துத்தான் படிக்க வேண்டும் என்று அடம்பிடிக்க மாட்டேன்.

சரி, துக்கத்தை எடுத்துச் சந்தோஷத்தில் வைக்கலாமா என்ற உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். இதற்குப் பதில் சொல்ல சினிமா வரை போக வேண்டாம். புறநானூற்றிலேயே 378ஆம் பாட்டு இருக்கிறது. ஊன்பொதி பசுங்குடையார் பாடியது; பாட்டுடைத் தலைவன் சோழன் இளஞ்சேட்சென்னி. புலவர் அரண்மனைக்குப் போய்ப் பாடுகிறார். அரசன், இவர்களுக்கென்று செய்யப்படாத உயர்ந்த நகைகளைத் தாங்க முடியாத அளவுக்கு அள்ளிக் கொடுக்கிறான். புலவரின் சுற்றத்தார் வறுமையில் உழன்றவர்கள், 'இலம்பாடு உழந்த என் இரும்பேர் ஒக்கல்' என்று அவரே சொல்கிறார். நகையைக் கண்ணால் பார்த்திராத கூட்டம். எதை எங்கே போடுவது என்று தெரியவில்லை. 'விரற்செறி மரபின செவித்தொடக்குநரும், செவித்தொடர் மரபின விரற்செறிக்குநரும்' என்று போகிறது பாட்டு. விரலில் போடுவதைக் காதில் மாட்டுகிறார்கள், காதில் போடுவதை விரலில் செருகுகிறார்கள், இடுப்பில் கட்டுவதைக் கழுத்தில் கட்டுகிறார்கள், கழுத்துக்கானது இடுப்புக்குப் போகிறது. இதைப் பார்த்தால் எப்படி இருந்தது தெரியுமா என்று புலவர் ஒரு உவமை சொல்கிறார். இராமனோடு இருந்த சீதையை அரக்கன் தூக்கிக்கொண்டு போன அன்று, நிலத்தில் விழுந்த அவள் நகைகளைக் கண்ட செம்முகக் குரங்குக் கூட்டம் எடுத்துப் பூட்டிக்கொண்டது மாதிரி இருந்ததாம். அடக்க முடியாத சிரிப்பு வந்தது என்று முடிக்கிறார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பாருங்கள். இராமாயணத்தில் அதைவிடத் துக்கமான நாள் உண்டா? ஒரு பெண்ணைக் கடத்திக்கொண்டு போகிறார்கள். அவள் நகையைக் கழற்றிப் போடுகிறாள். அதை எடுத்து, தன் சொந்தக்காரர்களின் நகைக் கும்மாளத்துக்கு உவமையாக்குகிறார் புலவர். தப்பு என்று யாரும் சொல்லவில்லை. ஏனென்றால் மிச்சம் வேலை செய்கிறது. தன் மக்களையே குரங்கு என்று சொல்லிச் சிரிக்கிற உரிமை அவருக்கு உண்டு. அந்தச் சிரிப்புக்கு அடியில், இந்த நகை எங்களுக்குரியது இல்லை, எங்கோ ஒரு அரசியின் உடம்புக்குரியது வழிதவறி எங்களிடம் வந்திருக்கிறது என்ற உறுத்தலும் இருக்கிறது. வறுமையைப் பற்றி நீட்டிப் புலம்பாமல் வறுமையைக் காட்டிவிடுகிறது அந்தக் குரங்குக் கூட்டம். இதுவரை நான் சொன்னதை உரக்கவே சொல்வேன். அடுத்ததைத் தயக்கத்தோடு சொல்கிறேன். கதையில் சீதையின் நகைகள் பின்னால் மீட்புக்கு வழிகாட்டுகின்றன. அதுபோல இந்தப் பரிசும் இவர்கள் துயரம் தீர்வதற்கு முதல் அடையாளம் என்று புலவர் நினைத்தாரா? படிக்க அழகாக இருக்கிறது. ஆனால் பாட்டில் அதற்குப் பிடி எதுவும் இல்லை. வகுப்பில் மாணவர்கள் சொன்னால் ரசிப்பேன், விடைத்தாளில் எழுதினால் 'சான்று?' என்று ஓரத்தில் குறிப்பேன். இன்னொன்று: வால்மீகியில் குரங்குகள் அந்த நகைகளைக் குகையில் வைத்துக் காக்கின்றன. பூட்டிக்கொண்டு கூத்தடிப்பது இங்கேதான். தமிழ்நாட்டில் வேறு மாதிரிக் கதை வழங்கியதோ, புலவர் தாமே கற்பனை செய்தாரோ, இரண்டுக்கும் இடமிருக்கிறது.

அகநானூறு 70ஆம் பாட்டில் இதைவிட விசித்திரமான சங்கதி. ஊரே தலைவியின் காதலைப் பற்றிக் கிசுகிசுத்துக்கொண்டிருந்தது. கல்யாணம் நிச்சயமானதும் பேச்சு நின்றுபோயிற்று. எப்படி? பாண்டியரின் பழைய கோடித் துறையில் இராமன் மறைவான ஆலோசனைக்காக ஆலமரத்துப் பறவைகளின் இரைச்சலை அடக்கியதுபோல. வால்மீகியில் இந்தக் காட்சி கிடையாது. அன்றைக்கு இந்தப் பாட்டைக் கேட்டவர்களுக்கு அந்தக் கதை தெரிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் புலவர் ஒரே மூச்சில் இப்படிச் சொல்லிவிட்டுப் போயிருக்க மாட்டார். நமக்குக் கதை முழுசாக வந்து சேரவில்லை, சுட்டல் மட்டும் வந்து சேர்ந்தது. ஆனாலும் பாட்டு புரிகிறதே! கீச்சுக்கீச்சென்று இரையும் மரம் திடீரென்று அடங்குவதை எவராலும் கற்பனை செய்ய முடியும். 'தெரியாமல் ரசித்தேனே' என்று நீங்கள் வருத்தப்படுவதற்கு என்னுடைய பதில் இந்தப் பாட்டுத்தான். நல்ல சுட்டல் மேலே ஒரு பொருளைக் கையில் கொடுத்துவிட்டுத்தான் அடியில் இன்னொன்றை வைக்கும். அடியில் இருப்பது தெரியாவிட்டால் பாட்டே விழுந்துவிடும் என்றால் குறை பாட்டில் இருக்கிறது, உங்களிடம் இல்லை.

திருட்டா என்று கேட்டீர்கள். திருடுகிறவன், கேட்பவருக்கு மூலம் தெரியக்கூடாது என்று வேண்டிக்கொள்வான். சுட்டுகிறவன் தெரிய வேண்டும் என்று ஆசைப்படுவான். 'அற்றை' என்ற சொல்லை இன்றைக்கு யாரும் பேசுவதில்லை. அதைக் கொண்டுவந்து மெட்டில் வைப்பவர், பள்ளிக்கூடத்தில் பாரி மகளிர் பாட்டு படித்தவர்கள் கேட்கிறார்கள் என்று தெரிந்தேதான் வைக்கிறார். மூலத்தை வெளிப்படையாகச் சொல்லிவிடுவதும் உண்டு. மணிமேகலையில் ஒரு கிளைக்கதை. காவிரியில் நீராடி வந்த மருதி என்ற பார்ப்பனப் பெண்ணை அரசன் மகன் ஒருவன் கூப்பிடுகிறான். கற்புடைய பெண் அடுத்தவன் நெஞ்சில் புகமாட்டாளே, நான் என்ன தப்பு செய்தேன் என்று அவள் நாற்சந்தியில் காவல் நிற்கும் சதுக்கப் பூதத்திடம் போய் அழுகிறாள். பூதம் சொல்லும் பதிலில் குறள் வருகிறது. 'தெய்வம் தொழாஅள் கொழுநன் தொழுதெழுவாள் பெய்யெனப் பெய்யும் பெருமழை என்றஅப் பொய்யில் புலவன் பொருளுரை தேறாய்.' வள்ளுவர் என்று பெயர் சொல்லவில்லை. 'பொய்யில் புலவன்' என்றால் உனக்கே தெரியும் என்ற தோரணை. நீ கண்டவர் வாயில் கதை கேட்டாய், திருவிழாவுக்கு ஆசைப்பட்டாய், கடவுளரை வழிபட்டாய், அதனால் நீ ஏவினால் மழை பெய்யாது என்கிறது பூதம். குறளில் மனைவிக்குப் புகழாக நின்ற அதே அடி இங்கே குற்றப்பத்திரிகை ஆகிவிட்டது. 'தெய்வம் தொழாஅள்' என்ற முதல் சொல்லைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, நீ தொழுதாயே என்று கேட்கிறது. அந்தப் பெண்ணின் கண்ணீருக்கு இது என்ன நியாயம் என்று எனக்கு எப்போதும் எரிச்சல் வரும். ஆனால் சுட்டல் எவ்வளவு கூர்மையாக வெட்டும் என்று காட்ட இதைவிட நல்ல இடம் கிடையாது.

மணிமேகலையில் 'என்ற புலவன்' என்று இருப்பதால் எது முந்தியது, எது பிந்தியது என்பதில் தகராறு இல்லை. எல்லா இடத்திலும் இப்படி வசதியாக அமையாது. சிலப்பதிகாரத்தில் கண்ணகி பாண்டியன் தேவியிடம், பிறனுக்குக் கேட்டை முற்பகலில் செய்தவன் தன் கேட்டைப் பிற்பகலில் காண்பான் என்கிறாள். குறளில் 'பிறர்க்கின்னா முற்பகல் செய்யின் தமக்கின்னா பிற்பகல் தாமே வரும்' என்று இருக்கிறது. கொன்றைவேந்தனிலும் 'முற்பகல் செய்யின் பிற்பகல் விளையும்'. கண்ணகி குறளைச் சொல்கிறாளா? சொல்கிறாள் என்று எழுதியவர்கள் உண்டு. எனக்கு நிச்சயமில்லை. முற்பகல், பிற்பகல் என்ற ஜோடி ஊரில் வழங்கிய பழமொழியாக இருந்து, எல்லோரும் அதிலிருந்து எடுத்திருக்கலாம். ஒரே கருத்து இரண்டு இடத்தில் வருவதை மட்டும் வைத்து ஒன்று மற்றொன்றைச் சுட்டுகிறது என்று தீர்மானிக்கக் கூடாது. யாரும் சாதாரணமாகச் சொல்லாத சொல்லோ, சொல்லடுக்கோ பொதுவாக இருக்க வேண்டும். எழுதியவர் கையில் அந்த மூலம் இருந்திருக்க வாய்ப்பும் இருக்க வேண்டும்.

இந்த வாய்ப்பு என்ற விஷயத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். புறநானூறு உ.வே.சாமிநாதையர் பதிப்பாக அச்சில் வந்தது 1894இல். குறுந்தொகை முதன்முதலில் அச்சேறியது 1915இல், சௌரிப்பெருமாள் அரங்கன் பதிப்பாக. அதற்கு முன்னால் இவை ஏட்டுச் சுவடிகளில், மடங்களிலும் சில வீடுகளிலும் கிடந்தவை. 1850வாக்கில் எழுதிய ஒருவர் புறநானூற்றைச் சுட்டுகிறார் என்று யாராவது சொன்னால், ஏடு எப்படிக் கிடைத்தது, சுட்டினாலும் யாருக்குப் புரிந்திருக்கும் என்று கேட்க வேண்டும். இன்றைக்கு 'யாதும் ஊரே யாவரும் கேளிர்' என்றால் தெரியாத தமிழர் இல்லை. அந்தப் பொது ஞாபகம் பாடப்புத்தகமும் மேடைப் பேச்சும் சேர்ந்து இருபதாம் நூற்றாண்டில் உண்டாக்கியது. அதில் ஒரு வேடிக்கையும் உண்டு. மலையிலிருந்து இறங்கும் ஆற்றில் மிதவை போவதுபோல உயிர் முறைவழியே போகிறது, ஆகவே பெரியோரை வியப்பதும் இல்லை, சிறியோரை இகழ்வது அதனினும் இல்லை என்பதுதான் அந்தப் பாட்டின் போக்கு. முதல் அடி ஊரெல்லாம் சுற்றுகிறது. மிதவை வீட்டிலேயே இருந்துவிட்டது. அளவுக்கு மீறிப் பழகிய வரி இப்படித் தனக்கென்று ஒரு சூழல் இல்லாமல் போய்விடும். அதன் பிறகு அதைச் சொன்னால் பெருமிதம் அசையும், பாட்டு அசையாது.

நவீன எழுத்தில் ஒரு இடத்தை மட்டும் காட்டுகிறேன், ஏனென்றால் அங்கே இரண்டே சொல்லில் வேலை நடக்கிறது. புதுமைப்பித்தனின் 'சாப விமோசனம்', 1943இல் வந்தது. இராமாயணம் தெரிந்தவர்களுக்கு இந்தக் கதை பிடிபடாமல், பிடிக்காமல்கூட இருக்கலாம் என்று தலைப்பிலேயே எச்சரித்துவிட்டுத்தான் ஆரம்பிப்பார். தெரிந்துவைத்திருப்பதே தடையாகும் என்கிறார், அதாவது உங்கள் கவலைக்கு நேர் எதிர்ப்பக்கம். கல்லாக இருந்து இராமன் கால்பட்டு எழுந்தவள் அகலிகை. அவளுக்கு நியாயம் வழங்கியவன் இராமன். வனவாசம் முடிந்து அவளைப் பார்க்க வந்த சீதை, தீக்குளித்த கதையைச் சொல்கிறாள். அவர் கேட்டார், நான் செய்தேன் என்கிறாள். 'அவன் கேட்டானா?' என்று கத்துகிறாள் அகலிகை. 'அவர்' ஒரே நொடியில் 'அவன்' ஆகிவிட்டதைப் பாருங்கள். அந்த இடத்தில் அகலிகையின் மனசில் 'கண்ணகி வெறி' தாண்டவமாடியது என்று எழுதுகிறார்.

திரேதாயுகத்தில் ஏது கண்ணகி? அகலிகைக்குத் தெரியாத பெயர் அது. கதை சொல்கிறவர் நம்மைப் பார்த்துச் சொல்கிறார். கணவன் கள்வன் இல்லை என்று அரசன் முன் சிலம்பை உடைத்துக் காட்டியவள் கண்ணகி, பிறகு ஊரை எரித்தவள். சீதையிடம் நெருப்பு வருகிறது, அவளைச் சோதிக்க. கண்ணகியிடமும் நெருப்பு வருகிறது, ஆனால் அவள் அதை ஏவுகிறாள். சீதையோ, உலகத்துக்கு நிரூபிக்க வேண்டாமா என்று சொல்லி மெதுவாகச் சிரிக்கிறாள். இரண்டு நெருப்புக்கும் நடுவில் நிற்கும் அகலிகைக்கு எதையும் எரிக்க வழியில்லை. அவள் மறுபடி கல்லாகிறாள். கண்ணகி என்ற பெயர் அந்த வாக்கியத்தில் இருக்கிறது என்பது உறுதி. இராமாயணத்துக்குள் சிலப்பதிகாரத்தை நுழைத்தது வேண்டுமென்றே செய்தது என்பதிலும் எனக்குச் சந்தேகமில்லை. நெருப்புக்கு நெருப்பு என்று நான் இழுத்தது என் வாசிப்பு. வேறொருவர் சிலம்பை முன்னால் வைத்து, சாட்சி, நிரூபணம் என்ற வழியில் படித்தால் அதுவும் செல்லும். 1942இல் பி.கண்ணாம்பா நடித்த 'கண்ணகி' படம் ஊரெல்லாம் ஓடியிருந்தது. அடுத்த வருடம் இந்தக் கதையைப் படித்தவர்கள் மனசில் எழுந்தது இளங்கோவின் கண்ணகியா, திரையில் பார்த்த கண்ணகியா? பலருக்கு இரண்டாவதாகத்தான் இருந்திருக்கும் என்பது என் ஊகம். சுட்டுகிறவர் ஒரு நூலைச் சுட்டலாம். வாசகர் தன்னிடம் இருப்பதைத்தான் எடுக்க முடியும்.

இனி உங்கள் பாட்டைப் பற்றி என் தீர்ப்பு. பாரி மகளிரின் இழப்பு அந்தக் காதல் பாட்டுக்குள் வரவில்லை. வந்தால் இடைஞ்சல்தான்: பொய்கையில் ஆடிய பெண்ணைத் தேடுகிறவனுக்கு அப்பாவை இழந்த பெண்ணின் நினைப்பு எதற்கு? அதனால் ஓசைக்காகவும் பழமையின் வாசனைக்காகவும் எடுத்தது என்று சொல்லிவிட்டுப் போகலாம், நானும் ரொம்ப நாள் அப்படித்தான் சொல்லிவந்தேன். ஆனால் ஒன்று மட்டும் கூடவே வந்திருக்கிறது. அன்றைய நிலவை நினைத்துக்கொண்டு இன்றைக்குப் பேசுவது. புறப்பாட்டில் அன்று இருந்தது, இன்று இல்லை. சினிமாப் பாட்டில் அன்று பார்த்தது, இன்று 'நீயா' என்று கேட்கும்படி எதிரில் நிற்கிறது. பிரிவில் முடிந்த அமைப்பைச் சந்திப்பில் முடியும்படி பாட்டெழுதியவர் திருப்பிவைத்திருக்கிறார் என்று படிக்க இடம் இருக்கிறது. 'இற்றைத் திங்கள்' என்ற சொல் வராமலே அந்தக் கேள்வி அதன் இடத்தில் நிற்கிறது. படமே அன்றைக்கு நண்பர்களாக இருந்த இருவர் இன்றைக்கு எதிரெதிராகிப்போன கதை, அந்தத் துக்கத்தைத்தான் வரி முன்கூட்டிச் சொல்கிறது என்று வாதாடுகிறவர்களும் உண்டு. பாட்டுக்குள் அதற்கு ஆதாரம் ஒன்றும் எனக்குத் தட்டுப்படவில்லை. மறுக்கவும் வழியில்லை.

கடைசியாக, இவற்றைக் கண்டுபிடிப்பது எப்படி என்று ஒரு ஓரமாகக் கேட்டிருந்தீர்கள். சூத்திரம் இல்லை. ஓடுகிற நடையில் ஒரு சொல் மட்டும் வேறு காலத்துச் சட்டை போட்டுக்கொண்டு நின்றால் சந்தேகப்படுங்கள். காரணமில்லாமல் ஒரு பெயர் வந்தால், தெரிந்த பழமொழி லேசாகக் கோணியிருந்தால், பாட்டுக்குத் தேவைப்படாத ஒரு விவரம் அழுத்தமாக இருந்தால், அங்கே நின்று தேடலாம். தேடிக் கிடைத்ததும் குதிக்காமல், மூலத்தைத் துண்டாகப் பார்க்காமல், முழுப் பாட்டையும் அதற்கு முன்னும் பின்னும் இரண்டு பாட்டையும் சேர்த்துப் படியுங்கள். புறநானூற்றுக்கு முதல் 266 பாட்டுகள் வரை பழைய உரை கிடைக்கிறது, சாமிநாதையர் பதிப்பில் இருக்கிறது. அதற்கு மேல் உள்ள பாட்டுகளுக்கு ஔவை சு.துரைசாமிப் பிள்ளை உரையை வைத்துக்கொள்ளலாம். குரங்குகள் வருகிற 378ஐ அதில்தான் பார்க்க வேண்டியிருக்கும்.